சப்பாத்தோடு உள்ளே வந்த தாப்பிர்

ரூத் வீட்டில் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை. கெடா மாநிலத்துக் குருண் ஊரில் அவள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்காரருக்குக்கூட அது கேட்டுவிடும். சட்டி விழும், அலமாரிக் கதவு அறைபடும், வாளி உருளும், மாடியே இல்லாத வீட்டில் யாரோ மாடிப்படி இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஆள் ஒன்றும் பெரிய உடம்புக்காரி இல்லை. அவள் கை பட்டால் எந்தப் பொருளும் வாயைத் திறந்துவிடும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, பாட்டை விட அவள் பாட்டுப் புத்தகம் புரட்டுகிற ஓசைதான் தூக்கலாக இருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். கட்டிக்கொண்டவனோ ரோனால்ட். விடியுமுன் கோலா கெடா மீன்துறையில் மீன் ஏற்றி லோரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவன். பகலில் தூங்குகிற மனிதனுக்கு இப்படியொரு பெண்ணைப் பார்த்துக் கொடுத்த தரகரை என்னவென்று சொல்வது. ஆனால் ரோனால்ட் நல்லவன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கப் பழகினானே தவிர ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை.

கடிந்து பேசாவிட்டால் மட்டும் என்ன, அவளுக்குத் தெரியாதா. வயது நாற்பதை நெருங்கியாகிவிட்டது. இத்தனை வருடத்தில் மற்றவர்கள் தன்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை "சத்தம் போடாதே" என்பதுதான் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வருத்தம் பொங்கும். எப்போதும் சிரித்துக்கொண்டே திரிந்ததால் அந்த வருத்தம் யார் கண்ணிலும் படவில்லை.

அவள் தலையெழுத்து மாறியது போன வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தபசு நோன்புக் காலத்தில். சுங்கைப்பட்டாணி கோயிலில், ஆண்டவர் பாடுபட்டு இறந்ததை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் போட்டார்கள். மேடையில் நிறுத்தினால் எதையாவது தட்டிவிடுவாள் என்று பயந்து, ரூத்தைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து ஓசைகளை அவளிடம் ஒப்படைத்தார்கள். சாட்டையடிக்கு ஈரத் துண்டால் அரிசி மூட்டையை விளாசினாள். விலங்குச் சங்கிலிக்கு வீட்டு கேட்டுச் சங்கிலியையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நாடகம் முடியும்வரை ரோனால்ட் கேட்டைக் கயிறு போட்டுக் கட்டிவைத்தான். ஆண்டவர் உயிர் விடும் கட்டத்தில் பூமி அதிர வேண்டும். பழைய கூரைத் தகரம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து அவள் உலுக்கிய உலுக்கில் முன்வரிசைக் கைக்குழந்தை வீறிட்டது, உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த நாடகத்துக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்திருந்தவன் நபீல். முப்பதைத் தொடும் வயது, ஒல்லி, எந்நேரமும் கழுத்தில் ஒரு ஹெட்ஃபோன். அவன் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, அந்த இடி நீங்கதானா?"

மன்னிப்புக் கேட்கத்தான் ரூத் வாயெடுத்தாள்.

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமா வேணும்கா. பின்வரிசைக்குப் பத்தல."

இன்னும் சத்தமாக வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே நபீலுக்கு அவள் அந்த நிமிடத்தில் சொந்த அக்காவாகிவிட்டாள்.

ஒலிபெருக்கி வாடகை நபீலுக்குக் கைச்செலவுக்குத்தான். அவனுடைய உண்மையான தொழில் கார்ட்டூன் படங்களுக்கு ஓசை சேர்ப்பது. அவனுடைய அப்பா ஜைனல் சுங்கைப்பட்டாணியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் மாடியில், அரிசி மூட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, ஒலிப்பதிவு அறை ஆக்கியிருந்தான். ஃபோலி என்பார்கள் இந்த வேலையை. ஆட்கள் நடிக்கும் டிவி நாடகமென்றால் நடிகர் நடக்கிற ஓசை கொஞ்சமாவது மைக்கில் விழுந்திருக்கும். கார்ட்டூன் ஊமையாகத்தான் பிறக்கிறது. கோப்பையை மேசையில் வைப்பது, போர்வையை இழுப்பது, மூக்கை உறிஞ்சுவது என்று ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் திரையைப் பார்த்துக்கொண்டே, அதே நொடியில், கையாலும் காலாலும் செய்து கொடுத்தாக வேண்டும்.

ரூத் இதற்கென்றே பிறந்தவள் போல அந்த அறைக்குள் புகுந்தாள். சேற்றில் நடக்க, கீழே கடையில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். பறவை சிறகடிக்கக் கறுப்புக் குடையை விரித்து விரித்து மூடினாள். தீ எரிய, கெரப்போக் அப்பளப் பொட்டலத்தின் தாளைக் கசக்கினாள். காது ஆட்டுவதற்குப் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை, போர்வைக்கு ரோனால்டின் கைலி, எலும்பு முறிய ஒரு கட்டுக் கங்கோங் கீரைத் தண்டு. நடப்பதுதான் இதில் பெரிய வேலை. மரப்பலகை, சிமெண்டு, மணல் என்று தரையில் சின்னச் சின்னச் சதுரங்கள் இருக்கும். திரையில் யார் நடந்தாலும் அவர்களுடைய செருப்பையோ சப்பாத்தையோ மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே அவர்கள் நடையை நடக்க வேண்டும். வீட்டில் எதையாவது தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும் அதே ரூத், அந்த மைக்குக்கு முன்னால் கால் கட்டைவிரலின் ஓசையைக்கூடத் தனியாகப் பிரித்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் கோலாலம்பூர் கம்பெனி ஒன்று தாப்பிர் குடும்பம் ஒன்றை வைத்துக் குழந்தைகள் தொடர் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. தாப்பிர் நம் காட்டு விலங்கு. பன்றிக்கு யானை மூக்கை அரைகுறையாக ஒட்டவைத்து, இடுப்பில் வெள்ளைத் துணி சுற்றிவிட்டது போல இருக்கும். கார்ட்டூனில் அது இரண்டு காலில் நடந்து, கூடை தூக்கி, சமைத்துச் சாப்பிடும். கம்பெனி ஒரே ஓர் அத்தியாயத்தை நபீலிடம் பரீட்சைக்குக் கொடுத்தது. பிடித்துவிட்டால் முழுத் தொடரும் அவர்களுக்குத்தான். வேறு நல்ல அறை பார்க்கலாம், ரூத்துக்கு அது நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் அவள் பேக்டரிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பேக்டரி என்பது அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்த குருண் பேக்டரி. மோசமான இடம் என்று அவளே சொல்ல மாட்டாள். காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு, பேச்சில்லாமல், பெல்ட்டில் நகர்ந்து வரும் பொருட்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஷிஃப்டுக்கு வராவிட்டால் இடம் போய்விடும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். ரோனால்டுக்கும் அதே கவலைதான்.

"பேக்டரின்னா ஈபிஎஃப் இருக்கு, மருந்து செலவு இருக்கு," என்பான். "பொம்மப் படத்துக்குக் கால் சத்தம் போடறத நம்பி அத விடலாமா, ரூத்து?"

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவளுக்குக் கூடுதலாக வலித்தது. ஞாயிறு காலை நான் அந்த பெல்ட் முன்னால் போய் நிற்கக் கூடாது மாதாவே என்று தினமும் வேண்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் இடம் அவளுக்குப் பிடித்திருந்தது, அந்த இடத்துக்கும் அவளைப் பிடித்திருந்தது.

பதிவு நன்றாகவே நடந்தது. ஜைனல் கடை இருபத்து நாலு மணி நேரக் கடை. ரொட்டிச் சானாய்க்கு மாவு வீசி அடிக்கும் மேடை ஒலிப்பதிவு அறைக்கு நேர் கீழே. மாவு விழுகிற ஒவ்வோர் அடியும் தூண் வழியாக ஏறி மைக்குக்கு வந்துவிடும். அதனால் நபீல் பதிவு வேலைகளையெல்லாம் நோன்பு மாதத்துக்கு ஒதுக்கிவைப்பான். பகலெல்லாம் கடை சாத்தியிருக்கும், அறை கிணறு மாதிரி அமைதியாக இருக்கும். இந்த வருடம் நோன்பும் தபசும் கைகோத்துக்கொண்டு வந்தன. நபீலுக்குப் பகல் முழுக்கப் பூசா நோன்பு, ரூத் கறி மீன் தொடாமல் வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை பட்டினி. விருந்துக் காட்சிக்கு இரண்டு பட்டினிக்காரர்களும் சேர்ந்து, ஒரு வாய் சாப்பிடாமல், நறுக் நறுக்கென்று கடித்து மெல்லுகிற ஓசைகளை எடுத்தார்கள். கேட்டவனுக்கு எச்சில் ஊறியிருக்கும்.

அவர்கள் பார்த்துச் செய்தது வண்ணம் பூசாத வரைவுப் படம். கால்கள் வெறும் கோடுகளாகத்தான் இருந்தன. அம்மா தாப்பிருக்குச் சிவப்புச் சப்பாத்து, அப்பாவுக்கு நீலம், குட்டிக்கு மஞ்சள் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ரூத்தும் தோட்டக் காட்சியிலும் ரோட்டுக் காட்சியிலும் சப்பாத்து மாட்டித்தான் நடந்தாள். ராயாப் பெருநாள் வந்தது, கடை மறுபடியும் பகலில் திறந்தது, கீழே ரொட்டி அடிக்க ஆரம்பித்தார்கள். தபசு மட்டும் இன்னும் முடியவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் ஃபாத்தின் கூப்பிட்டாள். அவள்தான் தொடரின் இயக்குநர். பினாங்குத் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், வேலை கோலாலம்பூரில். முடிந்த படத்தோடு ஓசையைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, அதை நபீலுக்கும் அனுப்பிவைத்துத்தான் போனில் கூப்பிட்டிருந்தாள்.

"ரூத் அக்கா, வெளியில நல்லா டொக் டொக்னு வர்றாங்க. வாசல் தாண்டினதும் சத்தமே மாறிப்போகுது. நான் மொதல்ல மைக் கோளாறுன்னு நெனச்சேன்."

"எந்த வாசல்மா?"

"எல்லா வாசலும். அப்புறம் வாசல்ல ரெண்டு தடவ ஏதோ கீழ விழற மாதிரி கேக்குது. அது என்னக்கா?"

ரூத் திரையைப் பார்த்தாள். முழு வண்ணத்தில், அம்மா தாப்பிர் சிவப்புச் சப்பாத்தோடு ஜம்மென்று சமையல்கட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. காதில் கேட்டதோ வெறுங்கால்.

"சப்பாத்து கழட்டி வைக்கற சத்தம்மா," என்றாள் மெல்ல.

"படத்துல கழட்டலயேக்கா."

நபீல் தலையில் கையை வைத்தான். அத்தியாயம் முழுவதும் இதே கதைதான். திரையில் ஒரு கதவு வந்தால் போதும், ரூத்தின் கால் தானாகச் சப்பாத்தை உதறிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போயிருந்தது. யோசித்துச் செய்ததில்லை. யோசிக்க அதில் என்ன இருக்கிறது. பதிவு செய்தவனும் பிறந்ததிலிருந்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிறவன், அவன் காதுக்கும் அது சரியாகவே பட்டிருக்கிறது.

ஃபாத்தின் கோபப்படவில்லை. தொடர் வெளிநாடுகளுக்கும் போகிறது, சப்பாத்து நிறம்தான் அந்தக் குடும்பத்துக்கு அடையாளம், படத்தை இனி மாற்ற முடியாது என்றாள். வெள்ளி மாலைக்குள் வீட்டுக்குள் நடக்கும் ஓசை எல்லாம் புதிதாக வேண்டும், சனிக்கிழமை மேலிடத்தில் போட்டுக் காட்டுகிறார்கள். "முடியலன்னா சொல்லிடுங்கக்கா, இங்க வேற ஆள வச்சு எடுத்துக்கறோம்," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அந்த வேற ஆளுக்குத்தான் முழுத் தொடரும் போகும் என்பது இருவருக்கும் விளங்கியது.

"அலாமாக்," என்றான் நபீல். கீழே ரொட்டி மாவு தொம் தொம்மென்று விழுந்துகொண்டிருந்தது. கோயில் மண்டபத்தில் எடுக்கலாமா என்று ரூத் கேட்டாள். அவன் முடியாது என்று தலையாட்டினான். "ஒரே ரூம் சத்தமா இருக்கணும்கா. வேற எடத்துல எடுத்தா ஒட்டுப் போட்ட மாதிரி தெரிஞ்சிடும்." கடை சாத்தியிருப்பது வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மட்டும்தான். அந்த நேரத்தில் நபீலும் பள்ளிவாசலில் இருந்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று சற்று நேரத்தில் தெரிய வந்தது. இரைச்சலோடு இரைச்சலாக ஒத்திகை பார்க்கலாம் என்று ரூத் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடந்தாள். தோட்டத்தில் கால் அழகாக நடந்தது. திரையில் கதவு வந்ததும் ஓர் இமைப்பொழுது தயங்கியது. தயங்கிவிட்டு, திருட வந்த ஆள் மாதிரி மெத்து மெத்தென்று நுழைந்தது. மறுபடியும் நடந்தாள், மறுபடியும் அதே தயக்கம். அம்மா தாப்பிர் தன் சொந்த வீட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து போவதுபோல் இருந்தது.

அன்று மாலை குருணில், வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவள் ரோனால்டைப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க சப்பாத்த மாட்டிக்கிட்டு ஒரு தடவ உள்ள வாங்களேன்."

"எதுக்கு?"

"எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும்."

ரோனால்ட் பளபளவென்று துடைத்திருந்த தரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "தொடச்சது நீ. நாளைக்குத் திட்டப்போறதும் நீ. என்னைய வம்புல மாட்டாத."

கடைசியில் அவளே மாட்டிக்கொண்டு முயன்றாள். இரண்டு தடவை நிலைவாசலில் கால் நின்றது. மூன்றாவது தடவை, கழற்றியது அவளுக்கே தெரியாமல், வெறுங்காலோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ரோனால்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமைக்கு யூனிஃபார்ம தொவச்சு வச்சிரட்டுமா?" என்றான். உதவியாகத்தான் கேட்டான். ரூத் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கெடாவுக்கு விடுமுறை, கோலாலம்பூருக்கு வேலை நாள். மதியம் ஜைனல் கடையின் இரும்புக் கதவு கடகடவென்று இறங்கியது. இரையும் குளிர்பெட்டியைக்கூட நிறுத்திவிட்டு, நபீல் தன் தாயாரை மாடிக்குக் கூட்டிவந்தான். சம்சியா கடையின் கல்லாப்பெட்டிக்காரி. அவள் எதிரில் சில்லறை விஷயத்தில் யாரும் வாலாட்ட முடியாது.

"உம்மா, இந்த செவப்புப் பட்டன அமுக்குனா ஓடும். திரும்ப அமுக்குனா நிக்கும். வேற எதையும் தொட்டுடாதீங்க."

"என் கல்லால இத விட அதிகம் பட்டன் இருக்குடா. நீ போ, தொழுகைக்கு நேரமாச்சு."

அவன் போனான். பள்ளிவாசல் பாங்கு ஒலித்து முடியும்வரை இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். தெருவே அடங்கிவிட்டது. சம்சியா முக்காட்டின் மேலேயே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சிவப்புப் பட்டனை அமுக்கினாள். ரூத் நடந்தாள். அம்மா தாப்பிர் கூடையோடு தோட்டத்திலிருந்து வந்தது. கதவு வந்தது. கால் நின்றது.

"ஏம்மா, சப்பாத்தோட உள்ள போகுது அது," என்றாள் சம்சியா.

"அதான்கா கத."

"அந்த வீட்ட யாரு கூட்டறா?"

"தெரியலக்கா."

"பாவம் அவ," என்றாள் சம்சியா.

மறுபடியும் எடுத்தார்கள். இந்தத் தடவை கால் கொஞ்சம் பணிந்தது. ஆனால் பாதியில் சம்சியா பட்டனை அமுக்கிவிட்டாள்.

"என்னக்கா?"

"உள்ள என்னமோ இரையுது. கடல் மாதிரி."

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். மறுபடியும் இரைந்தது. ரூத்துக்குத் தபசு வெள்ளிப் பட்டினி. சம்சியாவுக்கோ ராயாவுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் ஒன்று.

"அது உன்னுதா, என்னுதா?" என்று கேட்டாள் சம்சியா.

"ரெண்டும்தான்னு நெனக்கிறேன்க்கா."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ரூத் வயிற்றைச் சுற்றி ஒரு போர்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சம்சியா மைக்கை விட்டு எட்டிப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகும் கால் தயங்கியது. ஒவ்வொரு கதவிலும் தயங்கியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ரூத்துக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சப்பாத்தைப் பிடுங்கிக் கழற்றி, அதற்குள் கையை விட்டு, பலகையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

டொக்.

கையைத் தூக்கிப் பார்த்தாள். மறு கையை மற்ற சப்பாத்துக்குள் விட்டாள். முட்டி போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள். "ஓட்டுங்கக்கா."

அம்மா தாப்பிர் வந்தது. கதவு வந்தது. கைகள் நிற்கவே இல்லை, ஏதோ திருவிழாவுக்குப் போவதுபோல் உள்ளே போய்விட்டன. காலுக்கு நாற்பது வருட வளர்ப்பு. கைக்கு என்ன தெரியும். கழுவவும் காயவைக்கவும் எத்தனையோ சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு எல்லா வீட்டுக்குள்ளும் போய் வந்த கை அது.

முதல் தடவை ஓசையில் கனம் இல்லை, பொம்மை நடப்பதுபோல் கேட்டது. குட்டித் தாப்பிருக்கு அது போதும். அம்மாவுக்குப் போதாது. ரூத் தோளைக் கொடுத்து அழுத்தினாள், குதிகாலுக்கு மணிக்கட்டையும் நுனிக்கு விரல்களையும் பழக்கினாள். அப்பா தாப்பிருக்கு ஜைனலின் பெரிய சப்பாத்தை மாட்டி, இடுப்பைத் தூக்கி, உடம்புப் பாரம் முழுவதையும் கைகளில் இறக்கினாள். திரையில் தாப்பிர் இரண்டு காலில் நடந்தது, அறையில் மனுஷி நாலு காலில் நடந்தாள். முட்டி எரிந்தது, நிறுத்தவில்லை.

கடைசியாக ஒரு கட்டம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குட்டி, கூடத்தின் ஒரு முனையிலிருந்து ஓடி, சமையல்கட்டில் நிற்கும் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். ரூத் மஞ்சள் சப்பாத்துக்கென்று வைத்திருந்த சின்னச் சப்பாத்தை விரல்களில் செருகிக்கொண்டு ஓடினாள். முதலில் வேகமாக, நடுவில் ஒரு தடுமாற்றம், கடைசியில் கால் தரையில் பாவாமல் இரண்டே தட்டு. ஓடி முடித்துவிட்டு ஒரு பழைய தலையணையை மார்போடு அழுத்தினாள். சம்சியா பட்டனை அமுக்கவும், கீழே இரும்புக் கதவு ஏறவும் சரியாக இருந்தது.

நபீல் வந்து எல்லாவற்றையும் போட்டுக் கேட்டான். ஓரிடத்தில் மட்டும், "இந்தக் குட்டியாவது கழட்டும்னு பாத்தேன்" என்று சம்சியாவின் முணுமுணுப்பு விழுந்திருந்தது. அதை வெட்டிவிட்டு வேறொரு பதிவை வைத்தான். மாலையாவதற்குள் அனுப்பியாகிவிட்டது. அதன் பிறகு ரூத் கடையில் ஓர் ஓர மேசையில் உட்கார்ந்து, வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டு, அனுப்பியதில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் நபீல் போனோடு படி இறங்கி வந்தான். அதை அவள் காதில் வைத்தான்.

"அக்கா, வாசலெல்லாம் சரியாயிடுச்சு," என்றாள் ஃபாத்தின். "ஒண்ணு கேக்கணும். குட்டி ஓடி வருதே, அத எப்படிப் பண்ணீங்க? இங்க எல்லாரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கறாங்க."

"கையாலதாம்மா."

"கையாலயா?" அங்கே யாரிடமோ அவள் அதைச் சொல்வது கேட்டது. "எங்க மேலிடத்து போஸ் சனிக்கிழம வரைக்கும் காத்திருக்கல. இப்பவே பாத்துட்டாரு. முழு சீசனும் உங்களுக்குத்தான்க்கா. பேப்பரெல்லாம் நபீலுக்கு அனுப்பிடறேன்."

ரூத் நன்றி சொன்னாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. சம்சியா ஒரு தட்டில் தோசையும் பருப்பும் கொண்டுவந்து வைத்தாள். ரூத் அதைத் தொடாமல் வீட்டுக்குப் போன் போட்டாள். ரோனால்ட் அப்போதுதான் எழுந்திருந்தான். நடந்ததைச் சொன்னாள். அவன் வழக்கம் போல, "சரி" என்றான்.

ஈபிஎஃப் பேச்சு வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழம நீ பேக்டரிக்குப் போகாத," என்றான் ரோனால்ட்.

"அதத்தானே சொல்றேன். போகல."

"இல்ல. வேலைய விட்டுட்டேன்னு சொல்றதுக்குக்கூடப் போகாத. கேட் பாஸ் திருப்பிக் குடுக்கணும், லாக்கர் காலி பண்ணணும்னு போவ. ஏன் ரூத்து போற, எங்களோட இருந்துடுன்னு அந்தப் பொம்பளைங்க ஒரு பாட்டம் அழுவாங்க. உனக்கு எளகின மனசு, உக்காந்துடுவ. நான் போயிட்டு வந்துர்றேன்."

பேக்டரியை விடாதே என்று சொன்ன வாய் இது. இத்தனை நாள் அந்தப் பயத்தையெல்லாம் சுமந்துகொண்டிருந்த மனிதன்.

"என்ன, சத்தமே காணோம்?" என்றான் அவன்.

"சாப்பிடறேங்க," என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை லோரி ஓட்டிவிட்டு வந்த கையோடு, தூங்கப் போகாமல், ரோனால்ட் பேக்டரிக்குப் போனான். பதினோரு மணி வாக்கில் ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினான். அவள் தண்ணீர் குடிக்கும் கோப்பை, ஒரு ஜெபமாலை, ஒரு குளிர்ச்சட்டை எல்லாம் மேசையில் எடுத்துவைத்தான். கடைசியாக, பேக்டரியில் அவள் போட்டிருந்த கனத்த சப்பாத்துகள். திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களாம், பழசுதானே என்று கேட்டு வாங்கி வந்துவிட்டானாம்.

அவற்றில் ஒன்றுக்குள் கையை விட்டு, சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுத் தட்டினான். மேலிருந்த சாப்பாட்டுத் தட்டுகள் குதித்தன.

"இது தேறுமா?"

ரூத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "குதிகால் பத்தலங்க. மணிக்கட்ட அழுத்துங்க."

ரோனால்ட் மறுபடியும் தட்டினான்.